வெளியே அனுப்புவதா, வட்டத்தில் அமர்த்துவதா?
அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் தீராத ஒரு வழக்கு

(இளம் அறிவியல் கணிதம், இரண்டாம் ஆண்டு)

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. இல்லாவிட்டால் வகுப்புக்குள் வராதே."

இந்த வாக்கியத்தைக் கேளாமல் பள்ளிப் படிப்பை முடித்தவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். என் அண்ணன் ஒன்பதாம் வகுப்பில் அதைக் கேட்டான். ஆசிரியரை எதிர்த்துப் பேசினான் என்பது குற்றம். அப்பா அப்போது கரும்பு வெட்டுக்கு வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பப் பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளைச் சும்மா கழிக்க மனமின்றி அண்ணன் ஒரு லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான். சனிக்கிழமை சம்பளம் கையில் விழுந்ததும் பள்ளிக்கூடம் அவனுக்கு மறந்துபோயிற்று. அவன் படித்திருந்தால் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானாக இருந்திருக்க மாட்டேன்.

சென்ற பருவத்தில் எங்கள் சார்புப் பாடமான புள்ளியியல் வகுப்பில் சோதனைக் குழு, ஒப்பீட்டுக் குழு என்பவற்றை விளக்கிய பேராசிரியர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வை உதாரணமாகச் சொன்னார். தவறு செய்த மாணவனை வெளியே அனுப்பாமல் வட்டமாக உட்கார வைத்துப் பேசினால் என்ன ஆகும் என்று பார்த்தார்களாம். மற்றவர்கள் சூத்திரத்தைக் குறித்துக்கொண்டார்கள். நான் ஊரின் பெயரைக் குறித்துக்கொண்டேன். பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

அமெரிக்காவில் பொதுப் பள்ளி என்பது நம் அரசுப் பள்ளியைப் போல ஒரே துறையின்கீழ் இயங்குவதன்று. ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் ஊர் மக்களே தேர்தல் வைத்துக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசு தரும் பணம் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்தப் பங்கை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டும் அதிகாரம் அதற்கு உண்டு. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் சண்டை விளங்கும்.

1954இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவருக்கு ஒரு பள்ளி என்று பிரிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையக் குடியரசுத் தலைவர் ஐசனாவர் இராணுவத்தையே அனுப்ப வேண்டியிருந்தது. இது நம் பாடநூல்கள் வரை வந்த கதை. அதற்குப் பின் நடந்ததோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பள்ளி வாசல் திறந்தது. உள்ளே போனவர்களை வெளியே அனுப்பும் வழியும் கூடவே திறந்தது. 1975இலேயே ‘சில்ட்ரன்ஸ் டிஃபென்ஸ் ஃபண்ட்’ என்ற அமைப்பு, கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இடைநீக்கம் செய்யப்படுகிறார்கள் என்று அரசுப் புள்ளிவிவரங்களைக் கொண்டே காட்டியது.

அதே 1975இல் ‘கோஸ் எதிர் லோபஸ்’ என்ற வழக்கின் தீர்ப்பும் வந்தது. ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரப் பள்ளி ஒன்றில் உணவுக் கூடத்தில் கலாட்டா நடந்தது. லோபஸ் என்ற மாணவன் தான் வெறுமனே அங்கு நின்றிருந்ததாகச் சொன்னான்; அவனையும் சேர்த்து அன்று ஏராளமானோரை விசாரணையின்றி வெளியே அனுப்பினார்கள். சில நாள் நீக்கமே ஆனாலும், மாணவன்மீது என்ன குற்றச்சாட்டு என்று அவனுக்குச் சொல்ல வேண்டும், அவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்று ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் கூறியது. அவன் தரப்பைக் கேட்பது! இவ்வளவு சிறிய உரிமைக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அதுவும் ஒரே ஒரு வாக்கில் தப்பியது. என் அண்ணனை யாரும் ‘என்னப்பா நடந்தது’ என்று கேட்கவில்லை.

(இரண்டாண்டு கழித்து 1977இல் இன்னொரு வழக்கில், பள்ளியில் பிரம்படியோ மட்டையடியோ கொடுப்பது அரசியலமைப்பு தடுக்கும் கொடிய தண்டனையில் அடங்காது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றும் தென் மாநிலங்கள் பலவற்றில் பள்ளியில் மட்டையால் அடிப்பது சட்டப்படி செல்லும். தமிழ்நாடு 2003இலும், நாடு முழுமைக்குமான கல்வி உரிமைச் சட்டம் 2009இலும் அடியைத் தடை செய்தன. சட்டப் புத்தகத்தைப் பொறுத்தவரை நாம் முந்திவிட்டோம்.)

1994இல் துப்பாக்கியோடு பள்ளிக்கு வரும் மாணவனை ஓராண்டுக்கு நீக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இதில் தவறு சொல்ல யாரால் முடியும்? ஆனால் துப்பாக்கிக்கு வந்த கண்டிப்பு மெல்ல மெல்லச் சண்டைக்கும், கெட்ட வார்த்தைக்கும், தாமதமாக வருவதற்கும் பரவியது. ‘ஜீரோ டாலரன்ஸ்’, அதாவது துளியும் பொறுப்பதில்லை என்பது அதற்குப் பெயர். டெக்சாஸ் மாநிலத்தில் ஏழாம் வகுப்பு மாணவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2011இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சுமார் பத்து லட்சம் பேரின் பதிவேடுகள். அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினர் ஒரு முறையாவது வகுப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ நீக்கப்பட்டிருந்தார்கள். அந்தத் தண்டனைகளில் மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தியவை 3 சதவீதமே. மீதி 97 சதவீதம் பள்ளிக்காரர்கள் தம் விருப்பப்படி கொடுத்தவை. சட்டத்தின் கட்டாயம் இருந்த இடத்தில் இன வேறுபாடு அதிகமில்லை. விருப்பம் இருந்த இடத்தில்தான் கறுப்பின மாணவர்கள் கூடுதலாகச் சிக்கினார்கள். கணக்குப் படிக்கிற எனக்கு இந்த 97 என்ற எண் பல நாள் தூக்கத்தில் வந்தது என்றால் நண்பர்கள் சிரிப்பார்கள்.

விருப்பம் எப்படி வேலை செய்கிறது என்பதை 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஒகோனோஃபுவா, எபர்ஹார்ட் என்ற இரு உளவியலாளர்கள் சோதித்தார்கள். ஒரு மாணவன் இரண்டு முறை சிறு தவறு செய்ததாக எழுதி ஆசிரியர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். தவறு ஒன்றே; பெயர் மட்டும் வேறு. சிலருக்குக் கறுப்பினத்தாரிடம் வழங்கும் பெயர்; சிலருக்கு வெள்ளையரிடம் வழங்கும் பெயர். முதல் தவறில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டாவது தவறைப் படித்ததும், கறுப்பினப் பெயர் கொண்ட மாணவனுக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்று ஆசிரியர்கள் கருதினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ‘இவன் இப்படித்தான்’ என்று ஒரு முடிவு மனத்தில் விழுந்துவிடுகிறது. பெயர் அதற்கு முதலிலேயே பாதி வழி நடந்து வைத்திருக்கிறது. பெயரையும் ஊரின் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதையும் கேட்டு முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்மைராவில் தொடங்கியது

இனி மறுபக்கத்து முறைக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ரெஸ்டோரேட்டிவ்’ என்று சொல்லப்படும் இதனை நான் ‘சீர்செய்யும் ஒழுங்குமுறை’ என்று எழுதுகிறேன். இது பள்ளியில் பிறந்ததன்று. 1974இல் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் ஒரே இரவில் 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். அவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பிலிருந்த மார்க் யாண்ட்ஸி, மெனனைட் என்ற கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் நீதிபதியிடம் ஒரு யோசனை சொன்னார். இவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே அழைத்துப் போனால் என்ன? நீதிபதி ஒப்பினார். இளைஞர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லி, நட்டத்தைக் கேட்டு, பின்னர் பணத்தையும் கட்டினார்கள். 1989இல் நியூசிலாந்து, மாவோரி மக்களின் குடும்பக் கூட்ட வழக்கத்தை ஒட்டி இளங்குற்றவாளிகளுக்கான சட்டத்தையே மாற்றியது. 1994இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஒரு தாக்குதலை ஒட்டி இம்முறையைக் கையாண்டது. பள்ளிக்குள் இது நுழைந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது.

முறை எளியது. தவறு செய்தவன், பாதிக்கப்பட்டவன், ஆசிரியர், வேண்டுமானால் பெற்றோர் எல்லோரும் வட்டமாக அமர்கிறார்கள். ஒரு பொருள் கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவரே பேசலாம், மற்றவர் கேட்க வேண்டும். ‘எந்த விதியை மீறினாய், அதற்கு என்ன தண்டனை’ என்ற கேள்விகள் இங்கில்லை. என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? யார் யார் பாதிக்கப்பட்டார்கள்? அதைச் சரிசெய்ய என்ன செய்யப் போகிறாய்? இவைதாம் கேள்விகள். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத்தில் ஒப்பந்தமாகிறது; அது நிறைவேறியதா என்று ஒருவர் பார்க்கிறார். பார்க்க வேண்டும்.

கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் இதை வளர்த்தவர்களில் ஃபானியா டேவிஸ் என்ற வழக்கறிஞர் முக்கியமானவர். அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1963இல் அங்கே தேவாலயத்தில் வைத்த வெடிகுண்டில் இறந்த நான்கு சிறுமியரில் இருவர் அவருடைய தோழியர். அப்படிப்பட்டவர் பழிவாங்கலைப் பேசாமல் சீர்செய்வதைப் பேசினார் என்பதனால்தான் அந்தப் பெயர் என் மனத்தில் நின்றது. அவர் 2005இல் தொடங்கிய அமைப்பு ஒரு நடுநிலைப் பள்ளியில் வட்டங்களை நடத்தியது. அங்கு இடைநீக்கங்கள் வெகுவாகக் குறைந்தன. 2010இல் ஓக்லண்ட் பள்ளி நிர்வாகம் இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2013இல் ‘வில்ஃபுல் டிஃபையன்ஸ்’ என்ற காரணத்துக்காக மாணவரை இடைநீக்கம் செய்வதை நிறுத்தியது. அந்தச் சொல்லுக்கு நம் பேச்சில் ‘எதிர்த்துப் பேசுவது’ என்றுதான் பொருள். இதைப் படித்த அன்று அண்ணனுக்கு உடனே போன் செய்தேன். "அப்படியா" என்றான்; பட்டறை இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

இவ்வளவும் படித்தபோது நான் முழுக்க ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தேன். பிட்ஸ்பர்க் ஆய்வைப் படித்தபின் அப்படி இருக்க முடியவில்லை.

ராண்ட் நிறுவனம் செய்த ஆய்வு அது. 44 பள்ளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளில் 2015 முதல் ஈராண்டு சீர்செய்யும் முறை. மீதிப் பாதியில் வழக்கம் போல. 2018இன் இறுதியில் முடிவு வெளியாயிற்று. சோதனைப் பள்ளிகளில் இடைநீக்க நாட்கள் கூடுதலாகக் குறைந்தன. கறுப்பின மாணவர்க்கும் வெள்ளை மாணவர்க்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். நல்லது. ஆனால் மாணவர்கள் அப்படிச் சொல்லவில்லை. கைதுகள் குறையவில்லை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் படிப்பு மதிப்பெண்கள் முன்னேறாதது மட்டுமன்று, சரிந்தன. அதிலும் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்களே சரிந்தன. எவருக்காக முறை கொண்டுவரப்பட்டதோ அவர்களுக்கே!

ஏன்? எதிர்ப்பவர்கள் சொல்வது: தொந்தரவு செய்பவன் வகுப்பிலேயே இருந்தால் கற்க வந்த மற்றவன் இழக்கிறான்; அந்த மற்றவனும் பெரும்பாலும் ஏழை, அதே இனம், அதே தெரு. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஏழாம் வகுப்பில் ஒருவன் என் வடிவியல் பெட்டியைப் பிடுங்கி உடைத்தான். கேட்டதற்குக் கன்னத்தில் அறைந்தான். ஆசிரியர் இருவரையும் எழுப்பி, "கை குலுக்கிக்கோங்கடா, நண்பர்களாயிடுங்க" என்றார். குலுக்கினோம். வகுப்பே கைதட்டியது. மறுநாளும் அவன் அடித்தான். பெட்டிக்கு யாரும் பணம் தரவில்லை. ஆண்டு முழுவதும் ஒற்றைக் கவராயத்தின் முள்ளில் பென்சிலைக் கட்டி வட்டம் வரைந்தேன். வட்டமாக உட்கார்வதற்கும் நடந்ததைச் சீர்செய்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை நான் அனுபவித்தவன். மூன்று நாள் பயிற்சியோடு ஆசிரியரை அனுப்பி, கூடுதல் ஆளும் நேரமும் தராமல் இந்த முறையை நடத்தச் சொன்னால் அது அந்தக் கைகுலுக்கலாகத்தான் முடியும்.

ஆனால் சிகாகோ நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் நடந்ததைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டபோது வேறு படம் தெரிந்தது. இடைநீக்கங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. மாணவர் கைதுகளும் அதே அளவில், பள்ளிக்கு வெளியே நடந்தவை உட்பட, குறைந்தன. மதிப்பெண்கள் கூடவுமில்லை, சரியவுமில்லை. பிட்ஸ்பர்க்கில் குலுக்கல், சிகாகோவில் முன்னும் பின்னும், சேர்ந்த பள்ளியும் சேராத பள்ளியும் என்ற ஒப்பீடு. குலுக்கல் வலுவான முறை என்பது எங்கள் பேராசிரியரின் கட்சி. ஆனால் ஈராண்டு என்பது ஒரு பள்ளியின் பழக்கம் மாறுவதற்குப் போதாது என்பது என் கட்சி. இதில் தேர்வுத் தாளில் நான் மதிப்பெண் இழந்தாலும் கவலையில்லை.

எண்களைப் பார்க்கலாமா கூடாதா?

2014 சனவரியில் ஒபாமா அரசின் கல்வித் துறையும் நீதித் துறையும் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு கடிதம் எழுதின. உங்கள் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், அதன் விளைவு ஓர் இனத்தின்மீது அதிகமாக விழுந்து, அதற்குத் தக்க காரணமும் இல்லையென்றால், அதுவும் பாகுபாடே என்றது கடிதம். எண்களைச் சரிசெய்ய ஆசிரியர்கள் உண்மையான குற்றங்களை மறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் முன்னாள் மாணவன் ஒருவன் 17 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குப் பின் அமைந்த கூட்டாட்சிக் குழுவின் பரிந்துரைப்படி அவ்வாண்டு டிசம்பரில் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையே அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2018இல் ஓர் அறிக்கை தந்தது: 2013-14ஆம் ஆண்டில் மாணவரில் 15.5 சதவீதமான கறுப்பினத்தவர், இடைநீக்கம் பெற்றவரில் 39 சதவீதம். ஏழைப் பள்ளி, வசதியான பள்ளி எதை எடுத்தாலும் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது. எதிர்த்தரப்பு இதற்கும் பதில் வைத்திருந்தது: பள்ளியின் வறுமையைக் கணக்கிட்டீர்கள், தனிமாணவனின் நடத்தையைக் கணக்கிட்டீர்களா? நியாயமான கேள்விதான், ஸ்டான்ஃபோர்டு சோதனை அதற்கு ஒரு பகுதி விடை, முழு விடையன்று.

2025 ஏப்ரல் 23இல் குடியரசுத் தலைவர் டிரம்ப் பிறப்பித்த ஆணை இந்த வாதத்தைத் தலைகீழாக்கியது. தண்டனையில் இன வாரியான எண்களைப் பார்த்து முடிவெடுப்பதே இனப் பாகுபாடு என்றது அது. இங்கேதான் ஒழுங்குச் சண்டையும் சேர்க்கைச் சண்டையும் ஒன்றாகின்றன. பள்ளியில் பல இனத்தாரும் கலந்திருக்க வேண்டும் என்ற பன்மைக் கொள்கையை 2007இல் சியாட்டில் நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரிதும் கட்டுப்படுத்தியது. 2023 சூன் 29இல் ஹார்வர்டு வழக்கில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையே ஒழித்தது. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் என்ற புகழ்பெற்ற பொது உயர்நிலைப் பள்ளி, நுழைவுத் தேர்வை நீக்கி ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் இடம் ஒதுக்கியபோது, ஆசிய இன மாணவர் பங்கு சுமார் 73இலிருந்து 54 சதவீதமாகக் குறைந்தது. எதிர்த்து வழக்காடிய பெற்றோரில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளிக்குச் சார்பாகச் சொன்னது. 2024இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2025 பிப்ரவரியில் கல்வித் துறை, பன்மைத் திட்டங்களை நிறுத்தாவிட்டால் பணம் நிற்கும் என்று கடிதம் அனுப்பியது. ஆகஸ்டில் மேரிலாந்தின் கூட்டாட்சி நீதிமன்றம் அக்கடிதத்தைச் செல்லாதென்றது.

இந்த இடத்தில் நம் ஊர் தானே நினைவுக்கு வருகிறது. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாதென்று நம் உச்ச நீதிமன்றமும் சமத்துவத்தின் பெயரால்தான் சொன்னது. அதே ஆண்டில் முதல் திருத்தம் வந்து 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. எண்களைப் பார்க்கலாம் என்று நம் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். அமெரிக்காவில் அப்படி எழுதவில்லை. என் சேர்க்கைக் கடிதத்தில் நான் எந்தப் பிரிவின்கீழ் வந்தேன் என்று அச்சாகியிருக்கிறது. எண்களைப் பாராதே என்று சொல்லியிருந்தால், எங்கள் தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்பது எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

கலிபோர்னியாவில் ‘எதிர்த்துப் பேசினான்’ என்ற காரணத்துக்கான இடைநீக்கத்தை எல்லா வகுப்புகளுக்கும் தடுக்கும் சட்டம் 2023இல் நிறைவேறியது. மேல்வகுப்புகளுக்கு அது 2029 சூலை வரை செல்லும். அந்த ஆசிரியர்கள் ஒரு மாணவனைத் தம் வகுப்பிலிருந்து மட்டும் தற்காலிகமாக அனுப்பலாம். பள்ளியிலிருந்து அனுப்பக் கூடாது. நான் படித்தவற்றுள் இது ஒன்றுதான் இரண்டு பக்கத்து வேதனையையும் பார்த்து எழுதியதாக எனக்குப் பட்டது.

தீபாவளி விடுமுறையில் இந்தக் கட்டுரையின் முதல் படியை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். வட்டம், கைமாறும் பொருள், பெற்றோரையும் அழைப்பது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அந்த வட்டத்துக்கும் அப்பா வரணும் இல்ல? அன்னைக்குக் கூலி யார் குடுப்பா?" என்றான்.